வீடு பார்த்துக் கொடுத்த இஸ்திரி வண்டிக்காரர்: நாலு ஸ்டார்

வீடு பிடித்துக் கொடுத்தவருக்கு நாலு ஸ்டார். வீட்டுக்கு மூன்றரை. அதற்கு முன்னால் பணம் கட்டிய, வாடகை வீடு தேடும் மொபைல் ஆப்புக்கு ஒன்று. ஒன்றுக்குக் கீழே கொடுக்க வழியில்லாததால்தான் அந்த ஒன்றும்.

போன வாரம் பதினோரு மாத அக்ரிமென்ட்டைப் புதுப்பித்தோம். மகளுக்கு எட்டு மாதம் ஆகப்போகிறது. வீடு தேடிய நாட்களில் எழுதிய கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்னை கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவள் நான், பைசா செலவானாலும் எழுதாமல் தூக்கம் வராது. வயிற்றில் பிள்ளையோடு டூலெட் போர்டைத் தேடி அலைகிற யாருக்காவது இந்த நோட்டு உதவட்டும்.

முன்பு வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மூன்று நாள் மேல்வீட்டு அக்கா வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். பிளைவுட் கட்டில் ஊறி அப்பளமாக உப்பியது. அப்போது நாங்கள் இரண்டே பேர், சிரித்துக்கொண்டே சமாளித்தோம். அடுத்த மாதக் கடைசியில் கர்ப்பம் உறுதியானது. பிரசவம் செப்டம்பர் கடைசியில் என்று எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையில் சொன்னார்கள். ஐப்பசி மழை பிடிக்கும்போது குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது என்று ஸ்கேன் ரூம் வாசலிலேயே விரல்விட்டு எண்ணிவிட்டேன்.

"மாசமா இருக்கறவ வீடு மாறக் கூடாது" என்றார் மாமியார். "ஏழாம் மாசத்துக்கு மேலதான் கூடாது" என்றார் அம்மா. வைகாசிக்குள் மாறிவிட வேண்டும் என்று ஒருவழியாகச் சமரசம் ஆனது. ஆனி வேண்டாம், ஆடி கூடவே கூடாது, ஆவணிக்கு எனக்கு ஒன்பதாம் மாதம். ஆக 2024 ஜூன் 14 கடைசி நாள். தேடத் தொடங்கியது மே 4, சரியாக அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த நாள். என் ராசி அப்படி.

முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஐந்தாம் மாதம் திரும்புவதுதானே வழக்கம், அதற்குள் வீட்டுக்கு என்ன அவசரம் என்று எல்லோரும் கேட்டார்கள். செய்யாறு பக்கம் எங்கள் வீடு ஒரே கூடம்தான், அதில் அண்ணன் குடும்பமும் இருக்கிறது. அதனால் அம்மாவே இங்கே வந்து இருப்பதாக ஏற்பாடு. அம்மாவுக்கு முட்டி வலி வேறு.

இனி கணக்கு. என் கணவர் லிஃப்ட் சர்வீஸ் மெக்கானிக், கைக்கு வருவது 33,000. எனக்கு 22,500. இரண்டையும் கூட்டி 55,500 என்று வைத்துக்கொண்டு 18,000 வாடகைக்குப் பார்க்கலாம் என்றார் இவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2017-இல் சட்டம் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எங்கள் கம்பெனியிலும் கொடுத்தார்கள். ஆனால் 27-ஆவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சலென்றால், அம்மாவுக்கு முடியவில்லையென்றால், நான் வேலைக்குப் போகவே முடியாமல் போனால்? அதனால் என் சம்பளத்தை இல்லவே இல்லையென்று வைத்துக்கொண்டு நோட்டில் கோடு போட்டேன். வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட் மூன்றும் சேர்ந்து 16,000-ஐத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கொடுக்காதே என்பார்கள். 33,000-இல் மூன்றில் ஒரு பங்கு 11,000. அந்தக் காசுக்கு அம்மாவுக்கும் இடமிருக்கிற மாதிரி வீடு கிண்டியைச் சுற்றி எங்கே இருக்கிறதென்று சொல்கிறவர்கள் கையோடு காட்டவும் வேண்டும்.

முதலில் ஆப். 2,999 ரூபாய் கட்டினால் தரகர் தொல்லை இல்லாமல் ஓனரோடு நேரடியாகப் பேசலாம் என்றார்கள். பதினான்கு நம்பர் கிடைத்தது. ஆறு வீடு ஏற்கெனவே போய்விட்டது. நான்கு பேர் ஓனரே இல்லை, தரகர்கள். மிச்சம் நான்கு ஓனரில் ஒருவர் போனிலேயே "விசேஷம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாடியில் பூஜை ரூம் இருக்கிறது, தீட்டு ஆகாது என்று வைத்துவிட்டார். இன்னொருவர் சுவரில் கிறுக்குவார்கள் என்றார். வயிற்றுக்குள் இருப்பவளைப் பற்றித்தான் அந்தப் புகார். ஆப்பில் பேமிலியா பேச்சிலரா என்று பிரிக்கலாம், பைக் நிறுத்த இடம் உண்டா என்று பிரிக்கலாம், நாய் வளர்க்கலாமா என்றும் பிரிக்கலாம். பிரசவத்துக்கு ஆகிற வீடா என்று பார்க்க அதில் வழியில்லை.

பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி நங்கநல்லூர் தெருக்களில் நடந்தே தேடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அங்கிருந்து ரயிலில் பரங்கிமலைக்கு அடுத்தது கிண்டி, எனக்கு ஆபீஸ். அதே லைனில் நேராகப் போனால் எழும்பூர், ஆஸ்பத்திரி. அந்த ஏரியாவைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணமே போதும். பத்தரை மணி வெயிலில் எனக்குக் கண்ணைக் கட்டியது. ஒரு பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி. அவர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, பாட்டிலில் தண்ணீர் கொடுத்து, "எத்தனையாவது மாசம்மா?" என்றார். தெருவில் வீடு எதுவும் காலியாகிறதா அண்ணே என்று இவர் கேட்டார்.

அவர் தொழில்முறைத் தரகர் இல்லை. ஆனால் தெருவில் எந்த வீடு காலியாகப் போகிறது என்று ஓனருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "காலி பண்றவங்க மொதல்ல திரைச்சீலை, பெட்ஷீட் குடுக்கறத நிறுத்துவாங்க. அப்புறம் பழைய பாக்கிய வந்து தீப்பாங்க." கமிஷன் அரை மாத வாடகை, அதுவும் பால் காய்ச்சின பிறகு கொடுத்தால் போதும் என்றார். ஊரில் எல்லோரும் ஒரு மாத வாடகை வாங்குகிறார்கள்.

பட்ஜெட் எவ்வளவு என்று அவர் கடைசியாகத்தான் கேட்டார். முதலில் கேட்டது, குழந்தையை யார் குளிப்பாட்டப் போகிறார்கள் என்று. அம்மா என்றேன். "அப்போ பாத்ரூம் அகலம் வேணும்." இரண்டாவது: "பால்சுறா ஆக்குவீங்களா?" புரியாமல் விழித்தேன். "பத்தியத்துக்குப் பால்சுறா புட்டு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் உண்டில்ல? இந்தப் பக்கம் பாதி வீடு சைவத்துக்குத்தான் விடுவாங்க. முன்னாடியே சொல்லிட்டா வீண் அலைச்சல் இல்ல பாரு." என்ன ஆட்கள் நீங்கள் என்று சுற்றி வளைக்காமல் குழம்பை வைத்தே முடித்துவிட்டார். மூன்றாவது, எந்த ஆஸ்பத்திரி. எழும்பூர் என்றதும், "மழைன்னா சப்வேல தண்ணி நிக்கும், ஆட்டோ வராது. ஸ்டேஷனுக்கு நடந்தே போற தூரத்துல பாக்கலாம்" என்றார். நாலாவது, வயசானவர் கூட இருக்கிறாரா. இருந்தால் வெஸ்டர்ன் டாய்லெட்.

மூன்று வாரத்தில் மூன்று வீடு காட்டினார். முதலாவது 12,500, இரண்டாம் மாடி, நல்ல காற்று. முப்பத்து நான்கு படி, லிஃப்ட் இல்லை. எண்ணிக்கொண்டே ஏறினேன். லிஃப்ட் மெக்கானிக் கூடவே மூச்சு வாங்க ஏறினார். இப்போது முடிகிறதே என்றேன். "இப்ப ஏறுவ. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்கன்னா?" என்றார் இஸ்திரி அண்ணன். கடைசியில் எனக்கு ஆபரேஷன்தான் ஆனது.

இரண்டாவது 15,500. புதுசு, பளபளப்பு, ஹாலில் ஃபால்ஸ் சீலிங், நீல விளக்கு. இவருக்குப் பிடித்துவிட்டது. அன்று அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். நேராக பாத்ரூமுக்குள் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஓனர் பதறிப் போய் என்னம்மா ஆச்சு என்றார். "ஒண்ணும் ஆகல. கால் நீட்டினா கதவு இடிக்குது, புள்ளைய எங்க போடறது?" என்று எழுந்து வந்துவிட்டார். தூளி கட்டக் கொக்கி எங்கே என்று அடுத்த கேள்வி. சீலிங்கில் ஓட்டை போடக் கூடாது, வேண்டுமானால் ஸ்டாண்டு தொட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் ஓனர். அந்த ஸ்டாண்டு ஒரு கட்டில் அளவுக்கு இடத்தை அடைக்கும். படி இறங்கும்போது அம்மா, "விளக்கு மட்டும் தொங்கவிடத் தெரியுது" என்றார், ஓனர் காதில் விழுகிற மாதிரியே.

மூன்றாவதுதான் இப்போது இருக்கிற வீடு. 14,000, மெயின்டனன்ஸ் 1,200. முதல் மாடி, பதினெட்டுப் படி. ஒரு பெட்ரூம், நீளமான ஹால், மொசைக் தரை, முப்பது வருஷத்துக் கட்டடம். சமையலறை அலமாரிக்குக் கதவில்லை, ஜன்னலில் கொசுவலை கிழிந்திருந்தது, பெயின்ட் வெளிறிய பச்சை. பார்த்ததும் ஆசைப்படுகிற வீடு இல்லை. ஆனால் ஹால் நடுவில், ஃபேனுக்கு நான்கடி தள்ளி, தளத்தோடு சேர்த்து வார்த்த இரும்புக் கொக்கி. இவர் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ஏணி கேட்டு வாங்கி, மேலே ஏறி, டார்ச் அடித்து, தட்டிப் பார்த்து, பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். எழுபத்தெட்டு கிலோ. "கம்பியோட சேத்து வளைச்சி விட்டிருக்காங்க. துளை போட்டுச் சொருகினது இல்ல. லிஃப்டே கட்டலாம்." அம்மா அதற்குள் பாத்ரூமில் உட்கார்ந்து காலை நீட்டி, இடம் இருக்கிறது என்று குரல் கொடுத்தார். ஓனரம்மா இதையெல்லாம் பார்த்துச் சிரித்தபடி, என் இரண்டு பிள்ளையையும் அங்கேதான் குளிப்பாட்டினேன் என்றார்.

அந்தச் சிரிப்புக்கு அட்வான்ஸில் கொஞ்சம் இளகல் கிடைத்தது. முதலில் கேட்டது பத்து மாதம், அதாவது 1,40,000. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று பேசுகிறது. சென்னையின் பழக்கம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நான் மூன்றில் தொடங்கினேன், அவர்கள் பத்தில் நின்றார்கள், இஸ்திரி அண்ணன் ஆறில் முடித்து வைத்தார். 84,000. அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிந்துவிட வேண்டும் என்று நான் பிடித்த பிடிக்கு ஓனர் முதலில் முகம் சுளித்தார். தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், பதிந்தால் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு என்று அவர் மகனே எடுத்துச் சொன்னதும் சம்மதித்தார்.

பணம் எங்கே இடிக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ் 75,000 காலி செய்த பிறகுதான் வரும். புது வீட்டுக்கு முன்னாலேயே கட்ட வேண்டும். நடுவில் இருக்கிற பள்ளத்தை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. எங்களுக்கு ஆனது: அட்வான்ஸ் 84,000, பாதி ஜூன் வாடகை 7,000, கமிஷன் 7,000, வண்டியும் ஏற்றுகூலியும் 6,500, பழைய வீட்டுக்கும் அதே பதினைந்து நாளுக்கு 6,000. மொத்தம் 1,10,500. பிரசவத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததோ 1,10,000. அதைத் துடைத்து எடுக்க மனசு வராமல் என் இரண்டு வளையலை பேங்கில் வைத்து 60,000 வாங்கினோம், நூற்றுக்கு முக்கால் ரூபாய் வட்டி. வளைகாப்புக்கு முன்னால் வளையல் போய்விட்டதே என்று மாமியார் புலம்பினார். பழைய ஓனர் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை 12,000, விரிசல் விட்ட வாஷ்பேசினுக்கு 1,800 பிடித்துக்கொண்டு, மிச்சம் 61,200-ஐ இருபத்து மூன்று நாள் இழுத்தடித்துத்தான் கொடுத்தார். வளையலை மீட்டுப் போட்டுக்கொண்டுதான் ஆவணியில் மனையில் உட்கார்ந்தேன்.

ஜூன் 12 பால் காய்ச்சினோம்.

கரண்ட் விஷயத்தில் இஸ்திரி அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. தனி மீட்டரா சப் மீட்டரா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். பழைய வீட்டில் சப் மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாய், மாதம் ஆயிரத்துக்குக் குறைந்ததில்லை. இங்கே எங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், 2025 கணக்குப்படி முதல் நூறு யூனிட் இலவசம். ஃபேன் நாள் முழுக்க ஓடியும், வாஷிங் மெஷின் தினம் போட்டும், இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் வாக்கில்தான் வருகிறது. பில் அறுநூறைத் தாண்டவில்லை. இரண்டு மாதத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அப்படியே டயபருக்குப் போகிறது, அது வேறு கதை.

செப்டம்பர் 26 மகள் பிறந்தாள். மூன்றாவது வாரத்தில், அக்டோபர் 15, சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை. வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று டிவியில் காட்டினார்கள். பழைய மேல்வீட்டு அக்கா போன் செய்து, நாங்கள் இருந்த போர்ஷனில் இப்போது இருப்பவர்கள் பீரோவைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். இங்கே தெருவில் கணுக்கால் தண்ணீர், அவ்வளவுதான். எங்கள் கவலை துணி காயாததுதான். மொட்டை மாடியில் கொடி கட்டலாம் என்று அனுமதி வாங்கியிருந்தோம், ஆனால் ஐப்பசியில் மொட்டை மாடி இருந்து என்ன பயன்? ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, துணிகளுக்கு நடுவே தூளி தொங்கியது. ஈரம் போகாத கோமணத் துணிகளை ஒரு வாரம் இஸ்திரி அண்ணன்தான் வாங்கித் தேய்த்து உலர்த்திக் கொடுத்தார், உருப்படிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டுதான்.

தடுப்பூசிக்கு எழும்பூர் வரை போக வேண்டியதில்லை என்று அவரே வழி காட்டினார். நடக்கிற தூரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், புதன்கிழமை ஊசி. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம் மூன்றுக்கும் அம்மாவும் நானும் நடந்தே போய் வந்தோம். நோட்டில் ஆட்டோ செலவுக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை.

இனி அந்த ஐந்தாவது ஸ்டார். பெட்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே கட்டடத்தின் தண்ணீர் மோட்டார். காலை ஐந்து பத்துக்குப் போடுவார்கள், நாற்பது நிமிஷம் ஓடும். கட்டில் நடுங்குகிற மாதிரி இருக்கும். மீனம்பாக்கத்தில் ராத்திரி இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போனாலும் அசையாமல் தூங்குகிற மகள், இந்த மோட்டாருக்கு வீல் என்று எழுவாள். எங்களுக்கு வீட்டைக் காட்டியது சாயங்காலம் நாலு மணிக்கு. மோட்டார் இருப்பது ஓனரம்மாவுக்குத் தெரியும், இஸ்திரி அண்ணனுக்கும் தெரியும். ஏன் அண்ணே சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டே நிமிராமல், "சொல்லியிருந்தா எடுத்திருப்பியாம்மா?" என்றார். எடுத்திருக்க மாட்டேன்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? ஒரு ஸ்டார் குறைத்துவிட்டேன். பெட்ரூமை இப்போது பீரோவுக்கும் இவருக்கும் கொடுத்துவிட்டோம். நாங்கள் மூன்று பெண்களும் ஹாலில், கொக்கிக்குக் கீழே.

தண்ணீர் போர் தண்ணீர், உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. குழந்தைக்குக் குளிக்கக் கூடக் கொஞ்சம் கேன் தண்ணீர் கலக்கிறோம். மாதம் பத்து கேன், 400 ரூபாய். நோட்டில் நான் எழுத விட்டுப்போன ஒரே தலைப்பு இது. வீட்டுக்கு மூன்றரை என்றது இதற்கும் கதவில்லாத அலமாரிக்கும் சேர்த்து. தவழ ஆரம்பித்தவள் பருப்பு டப்பாக்களை ஒவ்வொன்றாக உருட்டுகிறாள்.

நான் போட்ட 16,000 கோடு தாங்கியதா? 26 வாரம் மார்ச் முதல் வாரம் முடிந்தது. அம்மாவுக்கு முட்டி வீங்கி, மார்ச்சும் ஏப்ரலும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். 33,000-இல் வீட்டுக்கு 15,500. மிச்சத்தில் பால், மளிகை, டயபர், கேஸ், இவர் பெட்ரோல். சீட்டு இரண்டு மாதம் கட்டவில்லை, கடன் வாங்கவும் இல்லை. 18,000 வீடு எடுத்திருந்தால் வளையல் மறுபடி பேங்குக்குப் போயிருக்கும் என்று இவரிடம் மாதம் ஒருமுறை சொல்லிக் காட்டுகிறேன். மே மாதம் வேலைக்குத் திரும்பினேன்.

புதுப்பிக்கும்போது பத்து சதவீதம் ஏற்றுவோம் என்றார்கள். மோட்டாரைப் பற்றி ஒரு அரைமணி நேரம் பேசினேன். ஐந்து சதவீதம், மோட்டார் ஆறரைக்கு. ஆனால் அவள் இப்போது ஐந்து மணிக்குத் தானாகவே எழுந்துகொள்கிறாள்.

இஸ்திரி அண்ணனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை வண்டி இருக்காது. காலை பத்துக்கு மேல் போங்கள், அதற்கு முன் ஆபீஸ் சட்டைகளின் அவசரம், தலை நிமிர மாட்டார். சைவமா அசைவமா, யார் யார் இருப்பீர்கள், எந்த ஆஸ்பத்திரி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டைக் காட்ட அவர் நாலு மணிக்கு வரச் சொன்னால், விடியற்காலை வருகிறேன் அண்ணே என்று சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே மோட்டார் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும்.